ராஜா ஜோடி

17 ஆகஸ்ட் 2008, ஞாயிறு

திருத்தங்கல் பிரவுசிங் சென்டரில் இன்று அண்ணன் போக்கர் போட்டியில் தோற்றுவிட்டான். பணம் கட்டாத ஆட்டம்தான். முதலிடம் வந்தால் கோவாவில் நடக்கும் பெரிய போட்டியில் ஆடலாம். அங்கே ஜெயித்துவிட்டால் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் வேலையை விட்டுவிடுவதாக இருந்தான்.

கடைசி நாலு பேரில் ஒருவனாக வந்திருந்தான். கையில் இரண்டு ராஜா. திரையில் எல்லோருக்கும் பொதுவாக ஒன்பது, பத்து, ஜாக்கி விழுந்தன. மூன்றும் ஆட்டின். அவனுடைய ராஜாக்களில் ஒன்றுகூட ஆட்டின் இல்லை. எதிராளி தன் பந்தயக் காய்கள் மொத்தத்தையும் முன்னே தள்ளினான்.

“விட்டுரு அண்ணே. அவன்ட்ட ரெண்டு ஆட்டின் இருக்கும். அஞ்சு ஆட்டின் சேந்தா உன் சோடி செல்லாது.”

“ராஜா சோடிய எவன் விடுவான் தாயி?”

“மருந்து லேசாப் புகைஞ்சாலே போட்டது போட்டபடி ஓடுறவன்தான நீ?”

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அங்கன ஓடுனா உசுரு மிஞ்சும். இங்கன ஓடுனா என்ன மிஞ்சும்? திரும்ப அந்த மருந்து ரூம்தான.”

பாதிக் காய்கள் மிஞ்சும், இன்னும் ஆடலாம் என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த அறையைப் பற்றி அவன் இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

மொத்தத்தையும் வைத்தான். எதிராளியிடம் இரண்டு சின்ன ஆட்டின் இருந்தன. அது போதுமாக இருந்தது.

சாப்பிடும்போது அம்மாவிடம், தீபாவளி ஆர்டர் கூடிவிட்டது, நாளையிலிருந்து கூடுதல் நேரம் கலக்கச் சொல்கிறார்கள் என்றான்.

“நல்லதுய்யா” என்று அம்மா இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.