கைக்கு மேல் ஒரு சுற்று

மகள் வீட்டில் குழாய் ஒழுகுகிறதாம். குருசுக்குப்பத்திலிருந்து காலையில் போன் வந்ததும் நீ ரெஞ்சும் டேப்பும் போட்டுவைக்கும் பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். குழாயில் கீறல் விழக்கூடாதென்று ரெஞ்சின் வாயில் நீ சுற்றிவைத்த நீலப் புடவைத் துணி அப்படியே இருக்கிறது. அதில் இன்னும் உன் பட்டறை எண்ணெய் வாசம். கொஞ்ச நேரம் அதைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

சுனாமிக்கு முந்தின வருஷம், மகளைப் பெண் பார்க்க வந்த நாள் உனக்கு மறந்திருக்காது. லீவு கிடைக்காமல் நீ தட்டாஞ்சாவடிக் குழாய்ப் பட்டறைக்குக் காலை ஷிப்டு போய்விட்டாய். கொல்லையில் கை கழுவும் குழாய் சுவரோடு சேரும் இடத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. "நான் வந்து பாக்குறேங்க, நீங்க கை வெக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாய். நாள் முழுக்க ஃபைல் கட்டுகிற குமாஸ்தாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. ரெஞ்சின் பிடியை நுனியில் பற்றி, உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டுத் திருகினேன். சுவருக்குள் குழாய் வளையும் இடத்தில் இருந்த பிளாஸ்டிக் எல்போ படீரென்று பிளந்தது. ஓடிப்போய்த் தொட்டி வால்வை மூடினேன். வீட்டில் பொட்டுத் தண்ணீர் இல்லை, ஐந்து மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள்.

இரண்டரைக்கு நீ வந்தாய். திட்டு வாங்கத் தயாராக நின்றேன். நீயோ புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சுவரைக் கொத்தினாய், உடைந்ததை அறுத்தாய், முத்தியால்பேட்டைக் கடையில் நான் வாங்கிவந்த புது எல்போவை ஒட்டிக் காயவிட்டு, கொத்திய இடத்தைச் சிமெண்டு பூசி மூடினாய். குழாயின் மரையில் வெள்ளை டேப் சுற்றி விரலாலேயே திருகினாய். விரலுக்கு மேற்கொண்டு திரும்பாமல் அது நின்ற பிறகுதான் ரெஞ்சை எடுத்து, நுனியில் அல்ல, அதன் கழுத்தருகே லேசாகப் பிடித்தாய்.

"கையால எவ்ளோ வருதோ அவ்ளோ. அப்புறம் ஒரு சுத்து. பிளாஸ்டிக்கு அதுக்கு மேல தாங்காதுங்க."

நீ என்னைக் கண்டித்தது அவ்வளவுதான். அந்தப் பொறுமையை நான் எந்த அதிகாரியிடமும் பார்த்ததில்லை.

சாயங்காலம் கை கழுவிய மாப்பிள்ளையின் அப்பா, ஈரம் காயாத சிமெண்டைப் பார்த்து யார் செய்த வேலை என்று கேட்டார். துண்டை நீட்டியபடி நீ சொன்னாய்: "எங்க வீட்டுக்காரருதான்."

நானும் தலையாட்டிவைத்தேன். வந்தது வினை. சம்பந்தி வீட்டில் எது ஒழுகினாலும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு முறையும் நம் வீட்டுக் குழாயைக் கழற்றிக் கொடுத்து, திரும்பத் திரும்ப மாட்டச் சொல்லி, என்னைத் தேற்றி அனுப்புவாய். நீ சொன்ன பொய்யை உண்மையாக்கவே உனக்கு நாலைந்து வருஷம் பிடித்தது.

இன்றும் போனேன். விரலால் திருகி, ரெஞ்சின் கழுத்தருகே பிடித்து, ஒரே சுற்று. ஒழுகல் நின்றது. உங்க கை கைதான் என்று சம்பந்தி மெச்சினார். போன வருஷம் நீ போனதிலிருந்து நெஞ்சில் கிடந்ததை அங்கேயே கொட்டிவிட்டேன். அன்று உடைத்தவன் நான், சரிசெய்தவள் அவள் என்றேன்.

அவர் துண்டை எடுத்து நீட்டினார்.

"தெரியும் சம்பந்தி. அன்னைக்கு எனக்குத் துண்டு குடுத்தாங்களே, நகத்துல சிமெண்டு இருந்துச்சி. அந்தக் கையப் பாத்துட்டுதான் இந்த வீட்டுல பொண்ணு எடுக்கலாம்னு சொன்னேன்."

வழியெல்லாம் ரெஞ்சை அதன் கழுத்தருகே பிடித்துக்கொண்டுதான் நடந்து வந்தேன்.