ஏரி வீட்டு நம்பர்

ரொறன்ரோ
04.08.2024

அன்புத் தங்கச்சி சுவர்ணாவுக்கு,

நாங்கள் சுகம். உனக்கு முதுகு நோ குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

வேலையிடத்தில் இந்தக் கோடையும் ஏரிக்குக் கூப்பிட்டார்கள். போகவில்லை. தூண்டில் தடியை ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். போன வருசம் அப்பா அங்கே ஆஸ்பத்திரியில் கிடந்த அந்தச் சனி ஞாயிறு, கைப்போன் எடுபடாத இடத்தில், இடுப்பளவு தண்ணீரில் நின்று, இறகால் கட்டிய பொய் ஈயை வீசி வீசிப் பாஸ் மீன் பிடித்துக்கொண்டிருந்தேன். பிடித்ததெல்லாம் திரும்ப விட்டேன். சந்தோஷமாய் இருந்தேன், தங்கச்சி. அதுதான் ஆறவில்லை. அவசரத்துக்கென்று நான் தந்துவிட்டுப் போன ஏரி வீட்டு நம்பருக்கு நீ அடித்தபோது ஒருவராவது உள்ளே இருந்திருக்கலாம்.

செத்தவீட்டில் சின்ன மாமா, "தேப்பன் சாகேக்க மகன் மீனோட விளையாடினவர்" என்று என் காதுபடச் சொன்னார். நீ மட்டும் என்னை ஏசி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதற்கு நன்றி சொல்லத்தான் இக்கடிதம்.

அண்ணை
ரதீசன்

ஹரோ
19.08.2024

அன்பின் அண்ணைக்கு,

அந்த நன்றி எனக்கு உரியதல்ல. இதைச் சொல்லவென்று போன் எடுத்து, மழையைப் பற்றிக் கதைத்துவிட்டு வைத்த நாட்கள் பல.

ஏரி வீட்டு நம்பருக்கு அடித்தேன், ஒருவரும் எடுக்கவில்லை என்று உங்களுக்குச் சொன்னேன். நான் அடிக்கவே இல்லை.

சனி காலையே டொக்டர் கைவிரித்துவிட்டார். அப்போது அடித்திருந்தால், பிளேன் ஏறி ஞாயிறு காலை நீங்கள் கட்டிலடியில் நின்றிருப்பீர்கள். ஆறு வருசம் குளிக்க வார்த்ததும் மருந்து கொடுத்ததும் நான். அப்பா கேட்டதெல்லாம் உங்களைத்தான்: "தம்பி கதைச்சவனோ?" கடைசி இரண்டு நாளாவது அவர் எனக்கு மட்டும் அப்பாவாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

இருக்கவில்லை. ஞாயிறு பின்னேரம், "தம்பி வந்திட்டானோ?" என்றார். "ஓம் அப்பா, வந்திட்டார்" என்றேன். உங்களுடையது என்று நினைத்து என் கையைப் பிடித்தார். பிறகு விடவில்லை.

அடுத்த மாதம் அப்பாவின் வருசம் முடிந்து வரும் ஆட்டைத் திவசத்தில் மாமா உட்பட எல்லோர் முன்னும் இதைச் சொல்லப்போகிறேன். அதற்கு முதல் நீங்கள் அறிய வேண்டும்.

சுவர்ணா

ரொறன்ரோ
07.09.2024

சுவர்ணா,

உன் கடிதம் வந்து பத்து நாள்.

மாமாவுக்கோ வேறு ஆருக்கோ சொல்லாதே. என்னை ஏசினது போதும். உன்னையும் ஏச விட ஏலாது.

திவசத்துக்கு எடுத்த டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஐயருக்குப் போன் எடுத்து, எள்ளும் தண்ணீரும் தங்கச்சி இறைப்பாள் என்றேன். மகன் இருக்க மகள் செய்வது வழக்கமில்லை என்றார். ஆறு வருசமாய் எல்லாம் செய்தது அவள்தான் என்றேன். சம்மதித்தார்.

கோபம் இல்லை என்று எழுத ஏலாது. இப்போதைக்கு உன் முகத்தைப் பார்க்கவும் ஏலாது. இனி எழுதாதே என்று ஒரு தாளில் எழுதினேன். கிழித்துவிட்டேன்.

எழுது. பதில் வரச் சுணங்கும்.

ரதீசன்