பொய்யாக வந்த மண்சரிவுச் செய்தி

வெள்ளிக்கிழமை இரவு, ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டம்.

இன்று பகல் எங்கள் லயத்தில், இந்த வரிசை வீடுகளில், எல்லாருடைய போனிலும், "மண்சரிவு அபாயம், உடனே பள்ளிக்கூடத்துக்குப் போங்கள்" என்று செய்தி வந்தது. கொட்டுகிற மழையில் ஓடினோம். பக்கத்து வீட்டுச் செல்வி கைக்குழந்தையோடு படியில் வழுக்கி விழுந்தாள். குழந்தைக்கு நெற்றியில் காயம். மண் சரியவே இல்லை.

அனுப்பியது என் பேத்தி கவிதா அமைத்த ஏ.ஐ. மழையளவைப் பார்க்கத்தான் சொன்னாளாம். அவள் அதில் சேர்த்திருந்த, எச்சரிக்கை அனுப்பும் கருவியையும் அது தானாக எடுத்துப் பயன்படுத்திவிட்டது. அந்தக் கருவிக்கு அவள் எழுதிய விளக்கம், "மழை பற்றிச் செய்தி அனுப்பும்" என்ற ஒரே வரி. லயம் முழுவதுக்கும் போகும் என்றோ, அதிகாரிகள் அறிவிக்காமல் தொடக்கூடாது என்றோ எழுதவில்லை.

"நமக்குத் தெரிஞ்சது அதுக்கும் தெரியும்னு நெனச்சிட்டேன் அம்மாயி" என்று அழுதாள். பிறகு அந்தக் கருவியின் விளக்கத்தில் எல்லாவற்றையும் விவரமாக எழுதி வாசித்துக் காட்டினாள். ஐந்தாம் வகுப்பு வரை மட்டும் படித்த எனக்கே ஒரு சந்தேகமும் வரவில்லை.

பேத்தியைப் பற்றி லயமெல்லாம் பெருமை பேசியவள் நான். சாயங்காலம் செல்வி வாசலில் நின்று, "ஒங்க பேத்தி மெசின் இனி எவ்வளவு கத்தினாலும் நான் எழும்ப மாட்டேன் பெரியம்மா. போனை ஆஃப் பண்ணிட்டுத்தான் படுப்பேன்" என்றாள்.

மழை இன்னும் விடவில்லை. இப்போது உண்மையான செய்தி வந்தால்? கவிதா போனைக் கையில் பிடித்தபடி தூங்குகிறாள். செல்விக்கும் எனக்கும் நடுவே ஒரு சுவர்தான். கட்டிலை அதன் ஓரமாக இழுத்துப் போட்டு, சுவரில் தட்டி அவளை எழுப்ப உலக்கையைப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.