படைச் செலவுக்கு ஈடாக

1966 நவம்பர் 7, லண்டன்

மழை. ஹாங்காங் குழுவில் ஐந்து பேர். சீனன் நான் ஒருவன்தான். எங்கள் தலைவர் ராட்வெல்லும் ஆங்கிலேயர், பிரிட்டிஷ் அரசுக்காக எதிரே பேசும் பெர்ன்லியும் ஆங்கிலேயர். இருவரும் ஒரே பள்ளியாம். எங்கள் ஊரிலிருக்கும் பிரிட்டிஷ் படைக்கு நாங்கள் இன்னும் கூடுதலாகக் கொடுக்க வேண்டுமாம். அதே வாயால், உங்கள் பருத்தித் துணி இங்கே அதிகம் வருகிறது, குறையுங்கள் என்கிறார்கள்.

நவம்பர் 9

மதியம் எல்லோரும் பெர்ன்லியின் கிளப்புக்குப் போனார்கள். "உங்களுக்கு அங்க சலிப்பா இருக்கும், மாக்" என்றார் ராட்வெல். அறையில் தனியாக ரொட்டி.

அக்கா நினைவு. ச்சுன் வான் ஆலையில் தறி ஓட்டி என்னைப் படிக்கவைத்தவள். கிளம்பும்போது சொன்னாள்: "பட்டாளத்துக்குக் கொடு, கொடுக்காட்டிப் போ. துணியை மட்டும் விட்டுடாதடா."

நவம்பர் 14

பேசிவிட்டேன். "எங்க பசங்க உங்களைத்தானே காக்கறாங்க?" என்று பெர்ன்லி என்னைப் பார்த்தே கேட்டார். ராட்வெல் என் முழங்கையைத் தொட்டார். நான் அடங்கவில்லை.

"அந்தச் சின்னப் படை சீன எல்லையில யாரைத் தடுக்கும்னு நீங்களே நம்பலை, ஐயா. ஊர் உங்களுதுன்னு காட்டத்தான் கொடி நிக்குது. கொடி உங்களுது, செலவு எங்களுதா? எங்க ஜனம் மலைச்சரிவுல தகரக் குடிசையில கிடக்கு. அவங்களுக்கு வீடு கட்ட வெச்ச பணம் இது."

பெர்ன்லி பேனாவை மூடினார். இதை யாரிடம் சொல்ல?

நவம்பர் 17

படைக்குக் கேட்டதில் பாதிக்கு இறங்கி வந்துவிட்டார்கள்! எல்லோரும் கை குலுக்கினார்கள்.

நவம்பர் 18

காலையில் ராட்வெல் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னார் — அடுத்த வருஷத் துணி அளவைக் குறைக்க ஒப்புக்கொண்டாயிற்றாம்.

"எப்போ?"

"நேத்து, சாப்பாட்டு மேஜையில. நீங்க அவ்வளவு நல்லாப் பேசிட்டீங்க, மாக். அவங்களும் வெறுங்கையோட போக முடியாதில்ல?"

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் துணி பிழைத்திருக்குமா? இல்லை, முன்பே பேசி முடித்திருந்தார்களா? எப்படிடா தெரிஞ்சுக்கறது? யாரைக் கேட்கறது?

டிசம்பர் 3, ஹாங்காங்

பத்திரிகையில் என் படம். அலுவலகத்தில் கைதட்டல்.

ஜனவரி 12

ஆர்டர் குறையும் என்று அக்காவின் ஆலையில் ஒரு ஷிப்டை நிறுத்திவிட்டார்கள். வயதில் மூத்தவர்களுக்குத்தான் முதலில் கணக்குத் தீர்த்தார்களாம். அவளும் அதில்.

"அங்க என்னடா பேசின?"

முழுவதும் சொன்னேன். ஒரு சொல் விடாமல் கேட்டாள்.

"நல்லாத்தான் பேசியிருக்க."

சோறு போட்டாள். மீன் வைத்தாள். அவள் உட்காரவில்லை.

பிப்ரவரி 12

சீனப் புத்தாண்டு விடுமுறை. பதவி உயர்வு ஆணை போன வாரம் வந்தது. அதிலிருந்து வீடு நிறைய, வாழ்த்த வருகிறவர்கள் தந்த ஆரஞ்சுக் கூடைகள். ஒன்றை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். பூட்டியிருந்தது.

பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்தார். "பிளாஸ்டிக் பூ கம்பெனியில சேர்ந்துட்டாங்களே, தம்பி. விடுமுறையிலயும் வரச் சொல்லிட்டாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.