கேள்வி கேட்க ஓர் ஆள்

ஐப்பசி 20, வியாழன், இரவு.

குரூப் ஃபோர் பரீட்சைக்கு இன்னும் மூன்று வாரம்தான். நடப்பு நிகழ்வுகள் மட்டும் மனதில் நிற்க மாட்டேன் என்கிறது. யாராவது கேட்டு நான் வாய்விட்டுச் சொன்னால்தான் நிற்கும். கேட்க ஆளில்லாததால் கேள்வியை என் குரலிலேயே போனில் பதிந்து, கொஞ்சம் இடைவெளி விட்டு, பதிலையும் பேசி வைத்துக்கொள்கிறேன்.

இன்று சாயங்காலம் சாமிக்கு விளக்கேற்றிவிட்டு, அவரைக்காய் நறுக்கிக்கொண்டே அந்தப் பதிவைப் போட்டுப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு சமையலறைக்கு வந்தார்.

"ஏனம்மணி, ஆரு வந்திருக்கறது?"

"ஆருமில்லீங்க."

"ரெண்டு பேரு பேசறாப்பல இருந்துச்சு?"

"ரெண்டும் நாந்தானுங்க."

சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்குத் தைரியம் வந்து, நோட்டை அவர் கையில் கொடுத்துக் கேட்கச் சொன்னேன். முதல் கேள்வியை வாசித்தவர், அதே மூச்சில் பதிலையும் வாசித்துவிட்டார்.

"பதிலைச் சொல்லிப்போட்டா நான் என்னத்தைச் சொல்றதுங்க?"

"அதுதான் எழுதி வெச்சிருக்கறயே. அப்பறம் எதுக்கு ஒருத்தரு கேக்கோணும்?"

நோட்டை அரிசி டப்பா மேல் வைத்துவிட்டு டிவி பார்க்கப் போய்விட்டார். கோபமெல்லாம் இல்லை. முருகா, நானும் அவரைக் குறை சொல்லவில்லை.

நாளைக்குப் பதியும்போது ஒவ்வொரு பதிலுக்கும் பின்னால் "சரீங்க அம்மணி" என்று ஒரு வார்த்தை சேர்த்துப் பேசி வைக்க வேண்டும். நான் தப்பாகச் சொன்னாலும் போன் அப்படித்தான் சொல்லும். சொல்லட்டும்.