பூச்சி சொன்னதும் நான் சொன்னதும்

அண்ணா,

இன்று காலை ஆய்வகத்தின் கழுவும் அறையில், குடுவைகளை நீராவியில் அவிக்கும் ஆட்டோகிளேவின் கதவைத் திறந்தேன். சூடான நீராவியோடு அந்த வாசனை முகத்தில் அடித்தது. வெந்த ரப்பர் மூடி, ஈரக் காகிதம், கொஞ்சம் சோப்பு. நான்கு வருடம் இந்த வாசனைக்கு நடுவில்தான் நீங்கள் நின்றீர்கள். உங்கள் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. குடுவைகளை நாங்களே கழுவி, நாங்களே அவித்து எடுக்கிறோம். நான் கழுவிய லட்சணத்தைப் பார்த்திருந்தால் நீங்கள் அதைத் திரும்ப என் கையிலேயே கொடுத்திருப்பீர்கள்.

மேசைக்குத் திரும்பினால் எங்கள் குழுத்தலைவரின் மின்னஞ்சல் காத்திருந்தது. கட்டுரை தயார், எழுதியவர்கள் எல்லோரும் வெள்ளிக்கிழமைக்குள் ஒப்புதல் கையெழுத்துப் போட வேண்டும். கூடவே பத்திரிகைகளுக்கான செய்திக் குறிப்பு. விட்டில் பூச்சியின் உணர்கொம்பைப் பார்த்துச் செய்த செயற்கை மூக்கு, மனிதர் விடும் மூச்சை முகர்ந்தே சிறுநீரக நோயைக் கண்டுபிடிக்கும் என்று எழுதியிருந்தார்கள். அதற்குத் தலைப்பு, 'யாரையும் தவறவிடாத மூக்கு.'

அந்தத் தலைப்பைப் படித்ததும் கணினியை அறைந்து மூடினேன். பிறகு திறந்து கட்டுரையைத் தேடினேன். நான் தேடியது உள்ளே சின்ன எழுத்தில் இருந்தது. ஆரோக்கியமானவர்களில் ஒருவரின் மாதிரி, உணவுப் பழக்கம் காரணமாகக் கணக்கில் சேர்க்கப்படவில்லை. அந்த ஒருவர் நீங்கள்தான் அண்ணா. மூச்சைப் பிடித்து வைத்த நாற்பத்தோராவது பை.

உங்களை எனக்கு அறிமுகம் செய்ததே ஒரு திட்டுதான். நான் சென்னையிலிருந்து வந்து இரண்டாவது வாரம். அழுக்குக் குடுவைகளை வண்டியில் வைத்துவிட்டு நழுவப் பார்த்தேன். "தங்கச்சி, நில்லுங்கோ. உங்கட ஆக்கள் படிச்ச ஆக்கள்தானே? இப்பிடிக் காயவிட்டா ஆர் சுரண்டுறது?" சிட்னியில் அந்தக் கட்டடத்துக்குள் தமிழ் கேட்கும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. திட்டு வாங்கியதை மறந்து சிரித்துவிட்டேன். நீங்கள் சிரிக்கவில்லை. குடுவையைக் காட்டி, "இதை என்ன செய்யிறது?" என்றீர்கள். அன்று உங்களோடு நின்று அரைமணி நேரம் சுரண்டினேன்.

நீங்கள் கழுவி அடுக்கிய பெட்டிகளில் வெள்ளை நாடா ஒட்டி, அதில் தமிழில் 'கழுவியாச்சு' என்று எழுதிவைப்பீர்கள். தமிழ் தெரியாதவர்கள்கூட அந்த எழுத்தைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். எங்கள் குழுத்தலைவருக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் அதுதான், அதையும் தப்பாகச் சொல்வார்.

பூச்சி மூக்கைப் பற்றி நான் சொன்ன அன்று நீங்கள் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டீர்கள்.

"பூச்சியின்ர கொம்போ? மனுசற்ற மூக்குக்கு என்ன வந்தது?"

"நம்ம மூக்குக்குத் தெரியாதது அதுக்குத் தெரியும்ணா. எங்கேயோ தூரத்துல இருக்கற ஒரு துளி வாசனையப் பிடிச்சிடும்."

"அப்ப அதுக்கு ஒண்டும் ஒளிக்க ஏலாது எண்டுறீங்கள்."

அந்தச் சொல்லை நான் அப்போது சாதாரணமாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

நோயாளிகளின் மூச்சு எங்களுக்கு மருத்துவமனையிலிருந்து கிடைத்தது. ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமானவர்கள்தான் போதவில்லை. மாடி மாடியாய் ஏறி ஆள் பிடித்தோம். உங்களைக் கேட்டதும் உடனே வந்தீர்கள். "கதிரையில இருந்து ஊதலாமோ, நிண்டு ஊத வேணுமோ?" என்றுதான் கேட்டீர்கள். படிவம் ஆங்கிலத்தில் இருந்ததால் நான் படித்துச் சொல்லி நானே நிரப்பினேன். நோய் ஏதாவது உண்டா என்று ஒரு கேள்வி. நோயை நீங்கள் வருத்தம் என்பீர்கள்.

"வருத்தம் இல்லை எண்டு போடுங்கோ."

"நெஜமாவே இல்லையாண்ணா?"

"இருந்தாலும் இல்லை எண்டுதான் போட வேணும். வில்லாவுட் முகாமில நான் நிரப்பின தாளெல்லாம் அடுக்கினா என்ர உயரம் வரும். எந்தத் தாள் எங்க போகுது எண்டு ஆருக்குத் தெரியும்?"

நான் சிரித்துக்கொண்டே 'ஆரோக்கியமானவர்' கட்டத்தில் குறி போட்டேன். படகில் வந்து, தடுப்பு முகாமில் கிடந்து, தற்காலிக விசாவைப் புதுப்பித்துப் புதுப்பித்து வாழும் ஒருவருக்கு எந்தத் தாளும் வெறும் தாள் இல்லை என்பது எனக்கு உறைக்கவில்லை. என் விசாவும் தற்காலிகம்தான். ஆனால் நான் விமானத்தில் வந்தவள்.

அடுத்த கேள்வி, கடைசியாக என்ன சாப்பிட்டீர்கள் என்பது. "நேற்றுப் பின்னேரம் கொஞ்சம் பாலும் ஒரு வாழைப்பழமும். கந்தசஷ்டி எல்லோ, ஆறு நாளும் அதுதான்" என்றீர்கள். அப்படியே எழுதினேன். நீங்கள் எழுந்து நின்று, கண்ணை மூடிக்கொண்டு, கோயிலில் நிற்பதுபோல நின்று பையில் ஊதினீர்கள்.

மறுநாள் குழுக் கூட்டத்தில் உங்கள் வரைபடத்தைச் சுவரில் போட்டார்கள். அம்மோனியாக் கோடு மட்டும் செங்குத்தாக ஏறியிருந்தது, நோயாளிகளுக்கு ஏறுவதுபோல. "இந்த நாற்பத்தொன்று ஆரோக்கியமானவர்தானே? கருவியில் பழுதா?" என்று குழுத்தலைவர் கேட்டார். மேசையில் ஒருவர் என்னைப் பார்த்தார். பார்த்தார், அவ்வளவுதான். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் திறந்துவிட்டேன். நாற்பத்தொன்று எங்களவர், பூண்டு, கருவாடு, எங்கள் சாப்பாடு அப்படி என்று சொன்னேன். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தேன்.

ஏன் சொன்னேன் என்று உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். ஸ்ட்ராத்ஃபீல்டில் நான் முதலில் வாடகைக்கு இருந்த வீட்டில், ரசம் வைத்த மறுநாள் என் அறை வாசலில் வாசனைத் தெளிப்பான் ஒன்றை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அன்றிலிருந்து சமையல் வாசனை ஏறாமல் என் மேலங்கியை உறைக்குள் மூடி வைக்கிறேன். மதியத்துக்கு ரொட்டித் துண்டுதான். யாராவது மூக்கைச் சுளிப்பதற்கு முன்னால் நானே என்னைக் கேலி செய்துகொள்ளப் பழகிவிட்டேன். அந்தப் பழக்கம்தான் அன்று பேசியது. நீங்கள் விரதம் என்பது எனக்குத் தெரியும், என் கையாலேயே எழுதியிருந்தேன். ஆனால் வெட்கம் முந்திக்கொண்டது. என்னைப் போன்ற ஒருத்தியால் மட்டும்தான் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியும்.

குழுத்தலைவர் தலையசைத்தார். 'உணவு' என்று எழுதி உங்களை நீக்கினார்கள். காபி குடிக்கப் போனோம்.

அதற்குப் பிறகு எட்டு மாதம் நீங்கள் என் கண் முன்னால்தான் நடமாடினீர்கள். "தேத்தண்ணி இரும்பு மாதிரிக் கிடக்கு, பாலை மாத்திப்போட்டாங்கள் போல" என்றீர்கள். நான் வேறு பால் வாங்கி வைத்தேன். காலணியின் கயிற்றை அவிழ்த்துவிட்டு நடந்தீர்கள். "நிக்கிற வேலையெல்லோ, கால் வீங்கிப்போச்சு" என்றீர்கள். நான் உட்கார ஒரு முக்காலி கொண்டுவந்து போட்டேன். எங்கள் கட்டுரையின் முதல் பத்தியை எழுதியவள் நான் அண்ணா. வாயில் உலோகச் சுவை, கால் வீக்கம், களைப்பு என்று சிறுநீரகம் கெடுவதன் அறிகுறிகளை நானே வரிசையாக எழுதியிருக்கிறேன். எழுதிவிட்டு எழுந்து வந்து உங்களுக்கு முக்காலி போட்டேன்.

நீங்கள் மயங்கி விழுந்த பிறகுதான் மருத்துவமனை. இரண்டு சிறுநீரகமும் ஒரு வருடத்துக்கு மேலாகவே கெட்டுக்கொண்டு வந்திருக்கிறது, முன்பே வந்திருந்தால் இதைத் தள்ளிப்போட்டிருக்கலாம் என்றார் மருத்துவர். மூன்றாம் நாள், ரத்தம் சுத்தம் செய்யும் இயந்திரத்தின் பக்கத்தில் படுத்துக்கொண்டு நீங்கள் கேட்டீர்கள். "தங்கச்சி, உங்கட பூச்சி என்னைப் பற்றி என்ன சொன்னது?"

"நல்லா இருக்கீங்கன்னுதான் சொல்லிச்சுண்ணா."

நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். "அப்ப அதுக்கும் ஒளிக்கலாம் போல" என்று சிரித்தீர்கள்.

அந்தச் சிரிப்பை நினைத்தால் உங்கள் மேலும் எனக்குக் கோபம் வருகிறது. உங்களுக்கு முன்பே ஏதோ தெரிந்திருந்ததா? தெரிந்தும் யாரிடம் மறைத்தீர்கள்? மருத்துவரிடம் போனால் விசாவுக்கு ஆபத்து என்று யார் சொன்னது? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? கேட்டால் மட்டும் நான் என்ன கிழித்திருப்பேன் என்றும் உடனே தோன்றுகிறது.

மூன்று வாரம்கூட இல்லை, போய்விட்டீர்கள். லிட்கமில் உங்கள் அறையில் எல்லோரும் கூடியிருந்தபோது, அறைத் தோழர் வவுனியாவிலிருந்து வந்த அழைப்பை என் கையில் கொடுத்தார். உங்கள் மனைவி அழுதுகொண்டு பேசவில்லை. நிதானமாகத்தான் கேட்டார்.

"அவற்ற வருத்தம் அங்க ஒருத்தருக்கும் தெரியாமலே போச்சோ, தங்கச்சி?"

"யாருக்கும் தெரியலக்கா" என்றேன். உங்களிடம் சொன்னதற்கு அடுத்து, அது இரண்டாவது பொய். எங்கள் கணினிக்கு எட்டு மாதமாகத் தெரியும்.

அந்தப் பொய்யோடு மூன்று மாதம் கழித்த பிறகு, இந்த வாரம் திங்கட்கிழமைதான் கோப்பு அலமாரியைத் திறந்து உங்கள் படிவத்தை எடுத்தேன். பால், வாழைப்பழம். என் கையெழுத்து. வரைபடத்தையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். பூண்டு தின்றிருந்தால் கந்தகக் கோடு ஏறியிருக்க வேண்டும், அது அசையவே இல்லை. விரதம்தான் காரணம் என்றால் அசிட்டோன் கோடுதான் மற்றதையெல்லாம் மிஞ்சியிருக்கும், அதுவும் கொஞ்சம்தான் ஏறியிருந்தது. முதல் வருட மாணவர்கூடப் பார்த்துச் சொல்லியிருப்பார். அத்தனை பேர் இருந்த அறையில் யாரும் பார்க்கவில்லை. தமிழச்சி சொல்லிவிட்டாள், அதற்கு மேல் என்ன சான்று வேண்டும்.

இரண்டு தாளையும் கொண்டுபோய்க் குழுத்தலைவர் முன் வைத்தேன். அவர் கெட்டவர் இல்லை. உங்கள் இறுதிச் சடங்குக்கு மலர்வளையம் அனுப்பியவர். மிகவும் வருந்துவதாகச் சொன்னார். பிறகு படிவத்தின் நான்காம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். தனிநபர் முடிவுகள் பங்கேற்பாளருக்குத் தெரிவிக்கப்படமாட்டாது என்ற வரியின் கீழ் உங்கள் கையெழுத்து இருந்தது. "உணவு என்று காரணம் சொன்னதும் நீதானே?" என்றும் கேட்டார்.

"ஆமாம், நான்தான். நான் சொன்னதை ஏன் ஒருவரும் சரிபார்க்கவில்லை?" என்றேன். "பதினேழாவது ஆளுக்குக் கோடு ஏறியபோது மட்டும் ஏன் நீங்களே தொலைபேசியை எடுத்தீர்கள்?"

பதினேழாவது ஆள் மேல்மாடியில் வேலை பார்க்கும் பேராசிரியர். அவர் கோடு பாதிதான் ஏறியது. குழுத்தலைவர் அன்றே கூப்பிட்டு, எதற்கும் ஒரு மருத்துவரைப் பாருங்கள் என்றார். பார்த்தார்கள், ஒன்றுமில்லை, தண்ணீர் குறைவாகக் குடித்திருந்தாராம். நான்காம் பக்கத்தில் அவரும்தான் கையெழுத்துப் போட்டிருந்தார். அங்கே அதற்குப் பெயர் அக்கறை. உங்களிடம் வரும்போது விதி. மேல்மாடிக்குப் போன தொலைபேசி கீழே கழுவும் அறைக்கு வர எத்தனை படி இறங்க வேண்டும்? நான் கத்தவில்லை அண்ணா. ஆனால் பக்கத்து அறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"ஒரு மாதிரிக்காக முழுக் கட்டுரையையும் நிறுத்த முடியாது" என்றார்.

அந்த ஒரு மாதிரியில்தான் எங்கள் கருவி தன் வேலையைச் செய்தது. மற்ற நோயாளிகள் எல்லோரும் மருத்துவர் ஏற்கனவே சொல்லி எங்களிடம் வந்தவர்கள். யாருக்குமே தெரியாத நோயை அது தானாகக் கண்டுபிடித்தது ஒரே ஒரு மூச்சில். அதைத்தான் குப்பையில் போட்டுவிட்டு, யாரையும் தவறவிடாத மூக்கு என்று ஊருக்குச் சொல்லப் போகிறார்கள்.

இன்று அந்த மின்னஞ்சலுக்குப் பதில் எழுதினேன். நாற்பத்தொன்றைச் சேர்க்கும்வரை, ஏன் நீக்கினோம் என்ற உண்மையை எழுதும்வரை, என் கையெழுத்துக் கிடையாது. படிவத்தின் நகலையும் வரைபடத்தையும் ஆய்வு நெறிக் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். ஒருவரை அழைத்துச் சொன்னால் எல்லோரையும் அழைத்துச் சொல்ல வேண்டும் என்றும் எழுதியிருக்கிறேன். என் ஒப்பந்தமும் விசாவும் இந்த ஆய்வகத்தைப் பிடித்துத்தான் தொங்குகின்றன. அனுப்பு என்ற பொத்தானை அழுத்துவதற்கு முன் என் விசா முடியும் தேதியை எடுத்துப் பார்த்தேன். தாளைக் கண்டு நீங்கள் ஏன் பயந்தீர்கள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

நீங்கள் எழுதிய 'கழுவியாச்சு' நாடா ஒன்று என் மேசை இழுப்பறையில் ஒட்டியிருக்கிறது. அதை எடுக்கப் போவதில்லை.

சஷ்டி திரும்ப வந்துவிட்டது, இன்று இரண்டாம் நாள். சாயங்காலம் வவுனியாவுக்குப் போன் செய்து, உங்கள் மனைவியிடம் நான் சொன்ன பொய்யைத் திரும்ப எடுத்துக்கொள்ளப் போகிறேன். அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன். அதற்கு முன் உங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும், பூச்சி என்ன சொன்னது என்று கேட்டவர் நீங்கள்தானே.

அதனிடம் ஒளிக்க முடியவில்லை அண்ணா. நீங்கள் ஊதிய அன்றே பூச்சி சரியாகச் சொல்லிவிட்டது. ஒளித்தது நான்.