கறி லைனில் ஓர் இடம்

அன்புள்ள பொடிசுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம், அங்கே நீயும் உன் வீட்டுக்காரரும் நலமாக இருக்க வேண்டும். முறைக்கு எழுத வேண்டியதை எழுதிவிட்டேன். போனில் சொன்னால் நீ குறுக்கே குறுக்கே பேசி, நான் சொல்ல வந்ததையே மறக்கடித்துவிடுவாய். அதனால்தான் தாளை எடுத்தேன். எழுத்து கோழிக் கிறுக்கலாக இருக்கிறதே என்று சிரிக்காதே. கோழிக் கம்பெனிக்காரிக்கு வேறு எப்படி வரும்?

நீ கேட்டதை மறக்கவில்லை. கறிக்கடையை மூடிவிட்டு உன் வீட்டுக்காரர் சும்மா உட்கார்ந்திருக்கிறார், உன் தையல் கைக்கும் வாய்க்குமே சரியாக இருக்கிறது, என் கம்பெனியில் உனக்கு ஓர் இடம் பார்க்கச் சொல்லிக் கேட்டிருந்தாய். கடைக்கு வந்துகொண்டிருந்தவர்கள் எல்லாம் இப்போது சூப்பர் மார்க்கெட்டில் பொட்டலமாக எடுத்துப் போகிறார்களாம். அந்தப் பொட்டலத்துக்குக் கறி வெட்டுகிறவள் உன் அக்காதான் என்பதை மட்டும் மரியாதைக்காக விட்டுவிட்டாய். உன் வீட்டுக்காரர் விட்டிருக்க மாட்டார். திட்டினால் திட்டட்டும், தப்பில்லை.

இடம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

எங்கள் மேனேஜர் அறைச் சுவரில் ஒரு படம் மாட்டியிருக்கிறார். உலகம் முழுக்க எவ்வளவு கறி தின்கிறார்கள் என்ற கணக்கு. மாடு ஒரு கோடு, பன்றி ஒரு கோடு, கோழி ஒரு கோடு. கோழிக் கோடு எல்லாவற்றையும் தாண்டித் தாளின் விளிம்புக்குப் போய்விட்டது. கையில் நாலு காசு சேர்ந்ததும் மனிதன் முதலில் தட்டைத்தான் மாற்றுகிறான், அதிலும் விலை குறைவான கறி கோழி, அதனால் நமக்கு இனி ஓய்வே கிடையாது என்று கூட்டம் போட்டுச் சொன்னார். எல்லாரும் கை தட்டினோம். மறுநாள், எங்கள் முன்னால் கறி நகர்ந்து வரும் லைனின் வேகத்தைக் கூட்டினார்கள்.

நெஞ்சுக்கறி ஒரு நாட்டுக்கு, தொடை ஒரு நாட்டுக்கு, பாதம் இன்னொரு நாட்டுக்கு. நாம் பக்கத்து ஊருக்குப் போகவே யோசிப்போம், செத்த கோழி கப்பல் ஏறுகிறது. நம் வீட்டிலும் இதே பாட்டுதான். உன் அக்கா மகன் கறி என்று சொல்வதில்லை, புரோட்டீன் என்கிறான். எடைபோட்டுத் தின்கிறான். “இன்னைக்குப் புரோட்டீன் பத்தலம்மா” என்று என்னிடமே வந்து நிற்கிறான். நாள் முழுக்க அதில் முங்கி எழுந்து வருகிறவளிடம்.

என் வேலை தொடையிலிருந்து எலும்பை எடுப்பது. கத்தியை ஒரு சுற்று, ஓர் இழுப்பு, அடுத்தது. அறை முழுக்கக் குளிர். இடது கையில் கம்பி வலைக் கையுறை போட வேண்டும். அது எலும்பில் மாட்டி வேகத்தைக் கெடுக்கும். லைன் முந்திக்கொண்டு ஓடினால் சூப்பர்வைசர் வந்து பின்னால் நிற்பார். அதனால் ஒவ்வொருத்தியாகக் கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகப் பழகிவிட்டோம். யாராவது பார்வையிட வந்தால் மட்டும் மாட்டிக்கொள்வோம்.

என் வலது கை விரல்கள் மரத்துப்போய் ரொம்ப நாளாகிறது. காலையில் உதறினால் முன்பெல்லாம் சரியாகிவிடும், இப்போது ஆவதில்லை. இடது கை குளிரில் கறியைப் பிடித்துப் பிடித்து அப்படியே. போன வாரம் பக்கத்தில் நிற்கும் வாயாடி, லைன் சத்தத்தை மீறிக் கத்தினாள்: “அக்கா, உங்க தட்டுல மட்டும் கறி ஏன் இவ்வளவு செவப்பா இருக்கு?” குனிந்து பார்த்தேன். கத்தி வழுக்கியது வலது கைக்குத் தெரியவில்லை, வெட்டுப்பட்டது இடது கைக்குத் தெரியவில்லை. நான் பாட்டுக்கு அறுத்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

லைனை நிறுத்தினார்கள். அந்த ஹாலில் சத்தம் அடங்கி நான் கேட்டதே இல்லை. வாயாடி மட்டும் பழக்க தோஷத்தில் உச்சக் குரலில் “ஐயோ ரத்தம், ரத்தம்” என்று கத்திக்கொண்டே இருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. கறியைக் கொட்டினார்கள், பெல்ட்டைக் கழுவினார்கள். எனக்குக் கட்டுப் போட்டு முடிப்பதற்குள் லைன் ஓட ஆரம்பித்துவிட்டது. விட்டதைப் பிடிக்க இன்னும் வேகமாக.

மேனேஜர் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னார். “உங்களுக்கு ரெஸ்ட் வேணும்மா. இடம் வெளியாளுக்குப் போக வேணாம். வீட்டுல யாராவது இருந்தாச் சொல்லுங்க” என்றார். இங்கே அது வழக்கம். போகிறவள் தன் இடத்துக்கு ஆள் கொடுத்துவிட்டுப் போகலாம். “தங்கச்சி இருக்கா சார்” என்று உடனே சொல்லிவிட்டேன். உனக்கு நல்லது செய்துவிட்டேன் என்றுதான் வீட்டுக்கு வந்தேன்.

இரண்டு நாள் கழித்துப் பையன் உடம்பு ஒரு மாதிரி இருக்கிறது என்றான். நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். “ஒண்ணும் இல்லடா, பள்ளிக்கூடத்துக்கு டிமிக்கி குடுக்காம கிளம்பு” என்றேன். போனான். அங்கே மயங்கி விழுந்து, அத்தான் போய்த் தூக்கிக்கொண்டு வந்தார். “நெருப்பாக் கொதிக்குது, உனக்குத் தெரியலையா?” என்று கத்தினார். மறுபடி கை வைத்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கன்னத்தை அவன் நெற்றியில் வைத்த பிறகுதான் தெரிந்தது. அத்தான் துணியை நனைத்து அவன் நெற்றியில் போட்டார். எனக்கு அழுகை வரும் என்று பார்த்தேன், அதுவும் வரவில்லை.

பொடிசு, நீ ஊர்க்கதை பேசிக்கொண்டே, பார்க்காமல், ஊசியில் நூல் கோத்துவிடுவாய். அதைத்தான் இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா கம்பெனியில் இடம் இல்லையாம் என்று உன் வீட்டுக்காரரிடம் சொல்லிவிடு. பொய்யின் பாவம் எனக்கு. கஷ்டம் தெரியாமல் எழுதவில்லை. என் சம்பளம் நின்றுவிட்டது, இனி இந்த வீட்டிலும் அதே கஷ்டம்தான். ஆனாலும் என் இடத்தில் நீ நிற்க வேண்டாம்.

வேலைக்கு வராதே, சும்மா ஒரு நாலு நாள் வந்து இரு. பையனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது. அத்தான் வேலைக்குப் போய்விட்டால் தொட்டுப் பார்க்க ஆளில்லை. தெர்மாமீட்டர் வாங்கி வைத்திருக்கிறோம், எண் காட்டுகிறது. நீ வந்து அவன் நெற்றியில் கை வைத்துப் பார்த்து, எப்படி இருக்கிறது என்று எனக்குச் சொல்.

உன் கைக்கு ஒரு குறையும் வரக் கூடாது.

உன்
அக்கா